சிறிய நாற்றுப்பண்ணை வைத்தால் ஆண்டு முழுவதும் வருமானம் வருமா?

ஊரில் அரை ஏக்கர் நிலமும் ஓர் ஆழ்துளைக் கிணறும் இருப்பதாகவும், நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து மனைவியோடு சேர்ந்து மா ஒட்டுச்செடி வளர்த்து விற்கலாம் என்று நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் விடுவதைத் தவிர இதில் பெரிய வேலை இல்லை, மாதாமாதம் பணம் வரும் என்று ஒரு காணொளியில் சொன்னார்களாம். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். "தண்ணீர் விடுவதைத் தவிர" என்ற சொற்களைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில், மா ஒட்டுச்செடிகளுக்குப் பெயர்பெற்ற சந்தூருக்கு அருகில், இரண்டு தலைமுறையாக நாற்றுப்பண்ணை நடத்தும் குடும்பத்துக்கு நான் மருமகளாக வந்தேன். பிறந்த வீட்டில் கேழ்வரகும் துவரையும் பயிரிட்டார்கள். ஒட்டுக் கட்டும் கத்தியை இங்கு வந்த பிறகுதான் கையில் எடுத்தேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: வேலை ஆண்டு முழுவதும் இருக்கும், வருமானத்தின் பெரும்பகுதி ஆடியிலிருந்து கார்த்திகைக்குள் வந்து முடிந்துவிடும். பெருநகரங்களை ஒட்டிப் பூச்செடியும் அழகுச்செடியும் விற்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் கேட்டிருப்பது மா ஒட்டுச்செடியைப் பற்றி என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆண்டு தொடங்குவது ஆனியில். அப்போதுதான் மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா ரக மாம்பழ அரைப்பு மும்முரமாக நடக்கும், கொட்டைகள் வண்டி வண்டியாக வெளியே வரும். மாங்கொட்டையை நெல்லைப் போலச் சேமித்து வைக்க முடியாது. ஒரு மாதம் கடந்தால் முளைப்புத்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே வந்த கொட்டையைக் கழுவி, நிழலில் ஆற்றி, சொத்தையைக் கழித்து, மேட்டுப்பாத்தியில் உடனே ஊன்றியாக வேண்டும். முளை வந்து செம்பு நிறத்தில் இலை விட்டதும், செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து நிரப்பிய பைகளுக்கு மாற்றுகிறோம். இவை ஒட்டுக் கட்டும்போது வேரும் அடித்தண்டுமாக உதவும் வேர்ச்செடிகள் மட்டுமே. இவற்றை இப்படியே விற்றால் அது ஏமாற்று வேலை, ஏனென்றால் நம் நாட்டு மா ரகங்களில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து முளைக்கும்போது தாயின் குணத்தை அப்படியே கொண்டு வருவதில்லை.

இந்த ஆனியில் ஊன்றிய கொட்டையின் தண்டு, அடுத்த மழைக்காலத்தில்தான் பென்சில் தடிமனுக்கு வந்து ஒட்டுக்குத் தயாராகும். ஒட்டுக் கட்டிய பிறகு இரண்டு முறையாவது தளிர்த்து, இலை முற்றிய செடியைத்தான் நாங்கள் வெளியே அனுப்புகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கொட்டைக்கும் பைக்கும் மண்ணுக்கும் ஆள்கூலிக்கும் நீங்கள் செலவழித்த முதல் ரூபாய், ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் கைக்குத் திரும்பும். காணொளிகளில் இந்த இடைவெளியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஒட்டுக் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்ணையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. என் மாமனார் காலத்தில் நெருக்கு ஒட்டுத்தான் வழக்கம்: வேர்ச்செடியைத் தொட்டியோடு தாய்மரத்தடிக்குக் கொண்டுபோய், இரண்டின் பட்டையையும் சீவி ஒன்றோடொன்று அணைத்துக் கட்டி, கூடும்வரை இரண்டு மூன்று மாதம் அங்கேயே வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்போது பெரும்பாலும் மென்தண்டு ஒட்டு. தாய்மரத்தில் பூக்காத, மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனிக்கிளையைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே காம்பை விட்டு இலைகளை மட்டும் நறுக்கிவிடுகிறோம். காம்புகள் தாமாக உதிர்ந்து நுனிமொட்டு பருத்து வரும்போது குச்சியை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, வெயில் ஏறுவதற்குள் பண்ணைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறோம். வேர்ச்செடியின் தலையை வெட்டி, நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருகி, ஒரு பக்கமாவது பட்டைக்குள் இருக்கும் பச்சை அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி பார்த்து, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதன்மேல் மெல்லிய பாலித்தீன் உறை மாட்டினால் ஈரம் நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்த ஆடி, ஆவணி, புரட்டாசியில் கட்டியது நன்றாகப் பிடிக்கும். மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் கட்டினால் பாதிக்கு மேல் கருகிவிடுகிறது.

விற்பனையும் அதே மாதங்களில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் மழை பெய்ததும் குழி எடுத்து வைத்திருப்பவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வண்டியோடு வந்து நிற்பார்கள். முன்புறம் செடி ஏற்ற வேண்டும், பின்புறம் ஒட்டுக் கட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் புதுக்கொட்டை ஊன்றிய பாத்தியில் களை எடுக்க வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எங்களோடு ஒட்டுக் கட்ட வரும் பெண்களின் கைத்திறனை நம்பித்தான் பண்ணையே நிற்கிறது; அவர்களைச் சிலர் "கூலியாட்கள்" என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதைக் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. பெங்களூராக் குச்சியையும் அல்போன்சாக் குச்சியையும் இலை இல்லாமலேயே பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

மழைக்காலத்தின் இளந்தளிருக்கு எதிரிகளும் உண்டு. இலை வெட்டும் வண்டு என்று ஒன்று இருக்கிறது. தளிர் இலையில் முட்டையிட்டுவிட்டு, காம்பை ஒட்டிக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் இலையைக் குறுக்கே நறுக்கிக் கீழே தள்ளிவிடும். விழுந்த இலைத்துண்டுகளைப் பொறுக்கி எரிக்காவிட்டால் அதற்குள் இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த தலைமுறை வண்டாக எழும்பி வரும். ஆகவே காலையில் என் அத்தை முறத்தோடு போய் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்குவார். மருந்து அடித்தால் முடிந்துவிடுமே என்று சிலர் கேட்கக்கூடும். நாங்களும் தேவைப்படும்போது அடிக்கிறோம். ஆனால் பொறுக்காமல் மருந்தை மட்டும் அடித்தவர்களின் பண்ணையில் வண்டு அடுத்த தளிருக்குத் திரும்ப வந்ததைப் பார்த்திருக்கிறோம்.

உங்களுக்கு இந்தத் தொழில் பொருந்துமா என்பதைத் தீர்மானிக்க உதவும் என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தென்னையையும் மாவையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதற்கு அடுத்த மாதம் கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எங்கள் பண்ணைக்கு வந்தார். அப்பா வைத்த தோப்பு ஒரே இரவில் போய்விட்டது என்றார். பின்வரிசையில், விற்காமல் மூன்று ஆண்டாகப் பையிலேயே நின்று ஆள் உயரம் வளர்ந்திருந்த செடிகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எவ்வளவு விலையானாலும் அவைதான் வேண்டும், சீக்கிரம் காய்க்குமல்லவா என்றார்.

மாமனார் ஒன்றும் பேசாமல் ஒரு செடியை எடுத்துப் பையைக் கிழித்துக் காட்டினார். மண் தெரியாத அளவுக்கு வேர் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தது. "தம்பி, இந்த வேர் பையைச் சுத்தியே பழகிடுச்சு. நிலத்துல வெச்சாலும் பரவாது. பத்து வருஷம் கழிச்சு இன்னொரு காத்து அடிச்சா இதுதான் முதல்ல சாயும்," என்றார். என் கணவர் அந்த நேரத்தில் மாமனாரைத் தனியே அழைத்துப் பேசினார். அந்த ஆண்டு எங்களுக்கும் பணமுடை இருந்தது, வாங்குபவரே விரும்பிக் கேட்கிறார், நாம் ஏன் மறுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். மாமனார் அசையவில்லை. இரண்டு அடி உயரமுள்ள, வேர் இன்னும் பையின் ஓரத்தைத் தொட்டுத் திரும்பாத செடிகளாக அவரே பொறுக்கி எடுத்து, ஒட்டு இணைந்த இடம் தரைக்கு மேலே இருக்கும்படி நடவும், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளவும் சொல்லி அனுப்பினார். அந்தப் பெரிய செடிகளை வேரைக் கத்தரித்து எங்கள் வரப்பில் நட்டோம், பல பிழைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, வியாபாரம் தெரியாத மனிதர் என்று யாராவது சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. நாங்கள் விற்கும் பொருள் நல்லதா என்பது வாங்கியவருக்கு நான்கைந்து ஆண்டு கழித்துக் காய் பிடிக்கும்போதுதான் தெரியும். பழைய முறையில் 10 மீட்டர் இடைவெளி விட்டு நட்டபோது ஏக்கருக்கு 40 செடிதான் வாங்கினார்கள். செடிகளை நெருக்கி நடும் அடர்நடவில் 5 மீட்டருக்கு ஒன்றாக 160 செடி; இன்னும் நெருக்கி நடும் மீஉயர் அடர்நடவில் 3-க்கு 2 மீட்டர் இடைவெளியில் 674 செடி. அத்தனையும் இமாம் பசந்த் என்று நம்பி நட்டவருக்கு வேறு ஏதோ ஒன்று காய்த்தால், அந்த ஐந்து ஆண்டை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. கீரமங்கலத்துக்காரர் அதற்குப் பிறகு தம் உறவினர்களையும் எங்களிடமே அனுப்பினார்.

மார்கழி பிறந்தால் விற்பனை அடங்கிவிடும். தையில் தாய்மரங்கள் பூக்கும். பூத்த கிளையில் ஒட்டுக்குச்சி கிடைக்காது என்பதால், குச்சிக்கென ஒதுக்கிய மரங்களை முன்கூட்டியே கவாத்து செய்து, அந்த ஆண்டின் காயை விட்டுக்கொடுத்துத் தளிரை வாங்குகிறோம். இதே காலத்தில் பையில் இருக்கும் சிறு ஒட்டுச்செடிகளும் பூக்கும், ஏனென்றால் அவற்றின் மேற்பாதி காய்க்கும் வயதை அடைந்த மரத்தின் கிளை. அந்தப் பூவைப் படம் எடுத்துப் போட்டு, "ஆறே மாதத்தில் காய்க்கும் அதிசய மா" என்று இணையத்தில் விற்கிறார்கள். எந்த ஒட்டுச்செடியும் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. நடுகிற செடியில் முதல் மூன்று ஆண்டுக்கு வரும் பூவைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் செடி வளராமல் நின்றுவிடும். நாங்கள் பண்ணையிலேயே கிள்ளிவிடுகிறோம். அதனால் "உங்கள் செடியில் பூவே இல்லையே" என்று திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டதால் இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மொத்தமாக வாங்குபவர்கள் எல்லோரும் விவசாயிகள் அல்லர். மரம் நடும் திட்டம் ஒன்றுக்கென ஓர் ஒப்பந்தக்காரர் எங்களிடம் பெரிய அளவில் செடி எடுத்தார். எண்ணிக்கை குறைந்தபோது எந்த ரகத்தையாவது கலந்து ஒரே பெயர் எழுதிக் கொடுங்கள் என்றார், மறுத்தோம். இருந்ததை ஏற்றிக்கொண்டு போனார், பணம் அடுத்த ஆண்டு மழை வரும்வரை வரவில்லை. அந்தக் கோடையில் மோட்டார் பழுதானபோது அத்தையின் நகையை அடகு வைத்துத்தான் சரிசெய்தோம். எல்லா ஒப்பந்தக்காரர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிறு பண்ணைக்கு மொத்தக் கொள்முதல் என்பது முன்பணம் இல்லாமல் ஒப்புக்கொள்ளக்கூடியதன்று.

சித்திரையும் வைகாசியும் உயிரைக் காப்பாற்றும் மாதங்கள். நிழல்வலைக்குக் கீழே இருந்தாலும் பைமண் ஒரே நாளில் காய்ந்துவிடும். காலையில் ஒருமுறை, வெயில் தாழ்ந்ததும் ஒருமுறை பூவாளியோ குழாயோ எடுத்தாக வேண்டும். மிகுதியாக விட்டால் வேர் அழுகும், குறைவாக விட்டால் ஒட்டு வாடும். ஒரு கலியாணத்துக்கு வீட்டோடு போய் இரவு தங்கி வர முடியாது. காணொளியில் சொன்ன "தண்ணீர் விடுவது" இதுதான்.

ஆகவே வேலையை இப்போதே விட வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் நம்பகமான இடத்திலிருந்து வாங்கிய செடிகளை நிலத்தின் ஓரத்தில் தாய்மரங்களாக நடுங்கள். அவை காய்த்து ரகம் உறுதியாகும்வரை குச்சியை வெளியில் வாங்கினால், மரத்தைக் காய்க்கும் பருவத்தில் நேரில் பார்த்து அடையாளம் வைத்த பிறகே வாங்குங்கள். விற்பனை தொடங்குவதற்கு முன், 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் பெற வேண்டும், இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும், ரசீது தர வேண்டும். உங்கள் மனைவிக்கு விருப்பம் இருந்தால் ஒரு ஆடி மாதம் முழுவதும் ஏதாவது ஒரு பண்ணையில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டப் பழகட்டும். கத்தி பிடிக்கத் தெரியாமல் ஆட்களை மட்டும் நம்பித் தொடங்கியவர்கள் நீடித்து நான் பார்த்ததில்லை. முதல் கொட்டையை ஊன்றும் ஆனியிலிருந்து முதல் செடியை விற்கும் மழைக்காலம்வரை வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதற்கு வழி தெரிந்தால் தாராளமாகத் தொடங்குங்கள்.