ஆய்ந்த கீரையின் விலை

மதிப்பிற்குரிய ஐயா,

காய்கறியும் கீரையும் நிறையச் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், பாகூர்ப் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவில் மூன்று மாத முன்பணம் கட்டி உறுப்பினரானேன். சனிக்கிழமைதோறும் பை நிறையக் காய் வருகிறது. பெரிய மார்க்கெட்டைவிட மலிவுதான். ஆனால் நாம் கேட்டது வருவதில்லை. வாழைப்பூ, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை என்று வந்து பாதி ஃபிரிட்ஜிலேயே வாடிப்போகிறது. வேலைக்குப் போகும் மனைவி அலுத்துக்கொள்கிறாள். இது உண்மையில் இயற்கை விளைச்சல்தானா என்றும் ஐயமாக இருக்கிறது. தொடரலாமா?

க., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள க.,

இயற்கை விளைச்சலா என்ற ஐயத்துக்கு நான் பதில் சொல்வதற்கில்லை. பாகூர் என்ன கண்காணாத தேசமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போய் வயலைப் பாருங்கள். கேட்ட காய் வரவில்லை என்ற குறையையும் விட்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி அழுகிக் கிடக்கும்போது விவசாயி உங்கள் விருப்பப் பட்டியலுக்கு எங்கே போவார்? மழையையும் வெயிலையும் அவரோடு பங்கிட்டுக்கொள்ளத்தானே முன்பணம் கட்டினீர்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் மனைவியைப் பற்றிய அந்த ஒரு வரிக்காக. மலிவு என்கிறீர்களே, யாருக்கு மலிவு? பையின் விலையை மார்க்கெட் விலையோடு ஒப்பிட்ட நீங்கள், அந்தப் பை சமையலறைக்குள் போன பிறகு ஆகும் செலவைக் கணக்கில் சேர்க்கவேயில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நால்வர் உள்ள வீட்டில் அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். மருத்துவர் சீட்டில் ஒரு வரியாக எழுதித் தந்துவிடுகிறார். அதைக் கழுவி, ஆய்ந்து, நறுக்குவது யார் என்று அவரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை.

கடலூர் முதுநகரில் எங்கள் அப்பாவுக்கு நல்ல காய் பொறுக்கி வாங்கத் தெரிந்தவர் என்று பெயர். வாழைப்பூவை வாங்கி வந்து திண்ணையில் வைத்துவிட்டு, மலிவாக அடித்துவிட்ட பெருமிதத்தோடு செய்தித்தாளை விரிப்பார். அம்மா ஒவ்வொரு மடலாக உரித்து, ஒவ்வொரு பூவிலும் வேகாமல் நிற்கும் கள்ளன் என்ற நரம்பையும், அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சிறு செதிலையும் கிள்ளியெடுத்து, கறுக்காமலிருக்க மோர் கலந்த தண்ணீரில் போடுவாள். விரலில் ஏறிய கறை எண்ணெய் தேய்த்தும் லேசில் போகாது. சாப்பிட்டு எழும்போது அப்பா புகழ்வது பூவைத்தான், அதுவும் தாம் வாங்கிவந்த பூவை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்களோ 97 நிமிடம். உங்கள் வீட்டில் அந்த 299க்கு மேல்தான் சனிக்கிழமைப் பை வந்து உட்காருகிறது. அலுத்துக்கொண்டதோடு விட்டாரே என்று சந்தோஷப்படுங்கள்.

உங்கள் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. உடம்பைப் பற்றிய பயம் வந்த பிறகு பரோட்டாக் கடையை விட்டுக் கீரைப் பக்கம் திரும்பும் மனிதர்மேல் எனக்குப் பரிவுதான். ஆகவே சொல்கிறேன்: சனிக்கிழமை இரவு முருங்கைக்கீரையை ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள், காலையில் உதறினால் பெரும்பாலான இலைகள் தாமாகவே உதிர்ந்திருக்கும். பொன்னாங்கண்ணிக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது. உட்கார்ந்து கிள்ளத்தான் வேண்டும், நீங்கள்தான் கிள்ள வேண்டும். ஆய்ந்த கீரையைக் கூடுதல் விலைக்குத் தர முடியுமா என்று கூட்டுறவின் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். அந்த ஊர்ப் பெண்கள் சிலருக்கு அதில் கூலி கிடைக்கும். அப்போது விலை ஏறிவிட்டது என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.

கூட்டுறவில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. உங்கள் வீட்டில் உறுப்பினர் யார் என்று நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது, மனைவியையும் சேருங்கள். முன்பணம் தீரும்வரை ஆய்வதும் நறுக்குவதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். அதற்குப் பிறகு தொடரலாமா என்பதை அவரிடம் கேளுங்கள்.