கணவர் வந்து 32 நாள், ஸ்கேனில் 44 நாள்!

டாக்டர் அம்மா பதில்கள்

*என் கணவருக்கு துபாயில் வேலை. இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தார். எனக்கு நாள் தள்ளிப்போனதால் போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். அன்றோடு அவர் வந்து 32 நாள்தான் ஆகிறது. ரிப்போர்ட்டில் 6 வாரம் 2 நாள் என்று போட்டிருக்கிறார்கள். அத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கணவரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை.*
பெயர் வேண்டாம், காரைக்குடி

அழாதீர்கள் அம்மா. ரிப்போர்ட்டும் சரி, நீங்களும் சரி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான், உங்கள் அத்தைமேல் அல்ல. அந்த எண்ணை அச்சடித்துக் கையில் கொடுத்தவர்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டர்கள் கர்ப்பத்தின் வாரத்தைக் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். முட்டையும் விந்தணுவும் சேர்ந்த நாள் யாருக்கும் தெரியாது. தூரமான தேதி பெண்ணுக்கு நினைவிருக்கும். அதனால் அதையே பிடித்துக்கொண்டார்கள். முட்டை வெளிவருவது அதற்குச் சுமார் 14 நாள் கழித்து. ஆகவே எந்தக் கர்ப்பத்திலும் முதல் இரண்டு வாரம் குழந்தை இல்லாத வாரம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 6 வாரம் 2 நாள் என்றால் 44 நாள். அதில் 14-ஐக் கழித்தால் 30. கணவர் வந்து 32 நாள். உங்கள் கணவர் விமானம் ஏறுவதற்கு 12 நாள் முன்பே ரிப்போர்ட்டின் கணக்கு தொடங்கிவிட்டது. அப்போது உங்கள் வயிற்றில் கரு இல்லை. ஸ்கேன் செய்தபோது அது ஓர் அரிசி நீளம் இருந்திருக்கும். அந்த நீளத்தை அளந்துதான் வாரம் சொல்கிறார்கள். அதிலும் சில நாள் முன்பின் இருக்கும்.

அத்தையிடம் அவர் மொழியிலேயே பேசுங்கள். நம் ஊரில் கர்ப்பமான பெண்ணை "முழுகாம இருக்கா" என்போம். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் குளியல் அந்த மாதம் இல்லை என்பது அதன் பொருள். நம் பாட்டிமாரும் கடைசியாகத் தலைக்குக் குளித்ததை வைத்துத்தான் எண்ணினார்கள். "பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்பதும் பொய்யில்லை. பிரசவத் தேதிக்கு டாக்டர்கள் போடும் 280 நாளை 28 நாள் மாதமாகப் பிரித்தால் சரியாகப் பத்து. அத்தை தன் பிள்ளையைச் சுமந்ததும் இதே கணக்கில்தான். இந்தப் பக்கத்தைக் கணவரையே அவருக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

*சைகோட், மோருலா, பிளாஸ்டோசிஸ்ட், எம்பிரியோ, ஃபீட்டஸ்... மனப்பாடம் செய்தும் குழம்புகிறது.*
நர்சிங் மாணவி, தென்காசி

மனப்பாடம் வேண்டாம், தேதி போட்டுப் பார். கருவுற்ற ஒற்றைச் செல் சைகோட். மூன்று நான்கு நாளில் அது பிரிந்து பிரிந்து பழம்போல் திரளும்போது மோருலா. லத்தீனில் மல்பெரிப் பழத்தின் பெயரிலிருந்து வந்தது. ஐந்தாம் நாள் வாக்கில் உள்ளே நீர் கோத்துக் குழி விழுந்தால் பிளாஸ்டோசிஸ்ட். அதன் வெளிச்சுவர் நஞ்சுக்கொடிக்குப் போகும், உள்ளே ஒதுங்கிய செல்கூட்டம் குழந்தைக்கு. ஒரு வாரம் ஆகும்போது கர்ப்பப்பைச் சுவரில் புதையத் தொடங்கும். எட்டாம் வாரம் முடியும்வரை எம்பிரியோ, பிறகு பிரசவம்வரை ஃபீட்டஸ்.

ஒரு எச்சரிக்கை. உன் கருவியல் புத்தகம் கருவுற்ற நாளிலிருந்து எண்ணும். ஓ.பி. சீட்டு மாதவிலக்கிலிருந்து எண்ணும். புத்தகத்தின் 8 வாரம், வார்டில் 10 வாரம். 31 வருடம் வகுப்பெடுத்தேன். மாணவர்கள் தடுக்கி விழுந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

*மூன்றாம் மாதம்தான் முதல்முறை டாக்டரிடம் போனேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா "லேட்டாயிடுச்சு" என்கிறார். உண்மையா?*
வாசகி, அரியலூர்

இதை நான் சோமாசி மாவை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். தட்டிய மாவின் இரு விளிம்பும் எழும்பி வந்து ஒட்டுகிற மாதிரி, கருவின் முதுகுப்புறம் ஒரு தகடு மடிந்து குழாயாகிறது. பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது அதுதான். கழுத்துப் பகுதியில் ஒட்டத் தொடங்கி இரு பக்கமும் நகரும். கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால், தலைப்பக்க வாய் சுமார் 25-ஆம் நாளும், வால்பக்கம் 28-ஆம் நாள் வாக்கிலும் மூடும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளை முழுதாக உருவாகாது. கீழே மூடாவிட்டால் முதுகெலும்பு பிளவுபட்டிருக்கும். கல்லூரி மியூசியத்தில் அப்படிப்பட்ட சிசுக்களைக் கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தோம். ஒவ்வொரு வருடமும் அந்த அலமாரி முன் நின்றுதான் இந்தப் பாடத்தை எடுத்தேன். ஒருமுறைகூட எனக்கு அது பழகவில்லை.

28-ஆம் நாள் என்றால், நாள் தள்ளி இரண்டு வாரம்தான். பல பெண்கள் அப்போதுதான் சந்தேகப்படவே ஆரம்பிப்பார்கள். அதனால் அக்கா சொன்னதில் உண்மை இருக்கிறது. அந்தக் குழாய் ஒழுங்காக மூட ஃபோலிக் ஆசிட் உதவுகிறது; அதற்காக என்றால் மாத்திரையை முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் பயப்பட வேண்டாம். மாத்திரை சாப்பிடாத தாய்மாரிலும் மிகப் பெரும்பாலோருக்குக் குழாய் ஒழுங்காகவே மூடிவிடுகிறது. செல்கள் பெருகவும் உங்களுக்கு ரத்தம் ஊறவும் ஃபோலிக் ஆசிட் இப்போதும் தேவை, நிறுத்தாதீர்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் முதுகுத்தண்டைப் பார்ப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

முன்பு இப்படிக் குறையுள்ள குழந்தை பிறந்த பெண்களிடம் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்ததில், அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் தடுக்கப்பட்டது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அவ்வளவு தேவையில்லை, தினம் 400 மைக்ரோகிராம் போதும். அடுத்த குழந்தைக்கு யோசிக்கும்போது, குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். வீட்டில் கல்யாணம் நிச்சயமான பெண் இருந்தால் அவளிடமும் சொல்லிவிடுங்கள்.