ஆலப்புழா படகு வீடுகளின் கழிவறைக் கழிவு எங்கே போகிறது? அது ஏரியில் கலக்காமல் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் படகில் டேங்க் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நிறைந்த டேங்கைக் கரையில் காலி செய்வது, ஏரியில் திறந்துவிடுவதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். அது இல்லாத ஏரியில் எந்தச் சட்டமும் நிற்காது. இரண்டு ஏரிகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நான் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். ஷாம்ப்ளேன் ஏரியில் நானும் ஒரு நண்பரும் பங்கு போட்டு வாங்கிய பழைய பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. வெர்மான்ட், நியூயார்க், கனடாவின் கியூபெக் மூன்றும் பகிர்ந்துகொள்ளும் ஏரி அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

எங்கள் படகின் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு பலகையைத் தூக்கினால் வால்வு ஒன்று தெரியும். ஒரு பக்கம் திருப்பினால் கழிவு டேங்குக்குப் போகும். மறுபக்கம் திருப்பினால் படகின் அடியில் உள்ள துளை வழியாக நேராக வெளியே போகும். கரையிலிருந்து மூன்று கடல் மைல் தாண்டிவிட்டால் கடலில் விடலாம் என்பதற்காக வைத்த அமைப்பு அது. ஏரியில் அதற்கு இடமில்லை. வெர்மான்ட்டில் வால்வை மூடி வைத்தால் மட்டும் போதாது, வெளியே போகும் ஓஸையே கழற்றியிருக்க வேண்டும். படகு கைக்கு வந்த முதல் வாரமே ஓஸைக் கழற்றித் துளைக்கு அடைப்பு போட்டோம்.

டேங்க் நிறைந்ததும் படகுத்துறைக்குப் போவோம். மேல்தளத்தில் உள்ள மூடியைச் சாவி போட்டுத் திறந்து, துறையில் இருக்கும் பம்பின் ஓஸ் முனையை அதில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓஸின் முனைக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற குழாய் இருக்கும். முதலில் அதில் பழுப்பாக ஓடும், அப்புறம் காற்றுக்குமிழி வரும். டேங்கில் ஒரு வாளித் தண்ணீர் விட்டு மறுபடி உறிஞ்சினால் தெளிவாகிவிடும். பத்து நிமிட வேலை. கையுறை போட்டுக்கொண்டால் அருவருப்பும் இல்லை. உறிஞ்சியது நகரத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது.

இந்தப் பம்புகள் தாமாக முளைத்தவை அல்ல. 1992-ல் அமெரிக்கா இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, அமைக்கும் செலவில் 75% வரை அரசே தர ஏற்பாடு செய்தது. மீன்பிடிச் சாதனங்கள், படகு எரிபொருள் மீதான வரியிலிருந்து அந்தப் பணம் வருகிறது. அதனால் பல துறைகளில் இலவசம், இல்லாவிட்டால் சில டாலர்தான்.

இருந்தும் ஒரு நாள் திண்டாடிவிட்டோம். முதல் கோடையில், ஜூலை 4 விடுமுறை. டேங்க் விளிம்பு வரை வந்துவிட்டது. நாங்கள் நம்பிப் போன துறையில் ‘பம்ப் பழுது’ என்று அட்டை தொங்கியது. காற்றும் இல்லை. மோட்டாரைப் போட்டு அடுத்த துறைக்குப் போக இரண்டரை மணி நேரம். பிள்ளைகளை அதுவரை அடக்கிக்கொள்ளச் சொன்னோம். அன்று அந்த ஓஸ் கழற்றப்படாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? திறந்திருக்க மாட்டோம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் ஆலப்புழாவை ஒட்டிய வேம்பநாட்டு ஏரியின் படகோட்டிகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு டிசம்பரில் அம்மா அப்பாவோடு ஆலப்புழா போனேன். படகு ஓட்டியவரிடம் (அங்கே ஸ்ராங்க் என்பார்கள்) நீங்கள் கேட்ட கேள்வியையே கேட்டேன். “டேங்க் உண்டு சார். எடுக்கிற இடத்துக்குப் போனா க்யூ. ஒன்பதுக்கு நீங்க இறங்குவீங்க, பன்னிரண்டுக்கு அடுத்த பார்ட்டி ஏறும். அதுக்குள்ள கழுவணும், மீன் வாங்கணும், ஐஸ் ஏத்தணும். என்ன செய்ய?” அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை எங்கள் படகு கட்டியிருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, கல்படியில் உட்கார்ந்து ஒரு பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மூன்று மணி நேர இடைவெளியும் அந்தப் படியும்தான் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன.

ஏரியின் நிலையையும் சொல்ல வேண்டும். வேம்பநாடு 2002-லிருந்து ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) உள்ள ஈரநிலம். படகு வீடுகள் அதிகம் சுற்றுவது அதன் தென்பகுதியில். குட்டநாட்டு நெல்வயலுக்குள் உப்புநீர் ஏறாமலிருக்க, வழக்கமாக டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடுவார்கள். கடல் ஏற்றவற்றம் வந்து அலசிவிட்டுப் போவது அப்போது நின்றுவிடும். சுற்றுலாக் கூட்டம் குவிவதும் அதே மாதங்களில்தான். கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு உரம். கிருமிகளோ கக்காய்க்குள் (ஏரியில் வாழும் ஒருவகைச் சிப்பி) போகும், ஏனென்றால் கக்காய் தண்ணீரை வடிகட்டித்தான் இரை தின்கிறது. அந்தக் கக்காயை வாரி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குட்டநாட்டில் பலர் குடிநீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எல்லாம் படகுகளால் வந்தது என்று சொல்லமாட்டேன். கரையோர வீடுகளின் கழிவும் வயல்களின் உரமும் பூச்சிமருந்தும் அதே ஏரிக்குத்தான் வருகின்றன.

பயோ டேங்க் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்ன வேண்டும். ஃபினாயிலும் ஆசிட்டும் ஊற்றிக் கழுவினால் முதலில் சாவது அவைதான். நாலு பேருக்கு அளவெடுத்த டேங்கில் பத்துப் பேர் ஏறினால் அரைகுறையாகத்தான் வெளியே வரும். சரியாக வேலை செய்தாலும் உரச்சத்து முழுதும் போகாது. அமெரிக்காவில், வெளியிலிருந்து படகு வந்துபோக வழியில்லாத நன்னீர் ஏரிகளில் சுத்திகரித்த கழிவைக்கூட விட அனுமதியில்லை. அடைபட்ட தண்ணீருக்கு அதுதான் நியாயம் என்பது என் கருத்து.

சரி, வேம்பநாட்டில் என்ன செய்யலாம்? மீனவர்கள் வலை போடுவதால் மாலை ஐந்தரை, ஆறுக்குள் படகு வீடுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரையில் கட்டிவிடுகின்றன. இரவு முழுக்க அசையாமல் நிற்கும் அந்தப் படகுகளிடம், உறிஞ்சும் பம்பும் பெரிய தொட்டியும் பொருத்திய சிறு படகு ஒன்று போனால் என்ன? அமெரிக்காவில் பல இடங்களில் இப்படிப் படகு வைத்துக் கூப்பிட்ட இடத்துக்கே வருகிறார்கள். ஸ்ராங்க் காலையில் க்யூவில் நிற்க வேண்டாம். கட்டணத்தை ஆண்டு உரிமத்தோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிட்டால், காலி செய்யாமல் மிச்சம் பிடிக்க எதுவும் இருக்காது. இந்தியாவில் 1917-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் மாசு தடுப்புக்கென்று தனிப் பகுதியே உண்டு. கழிவைப் பெற்றுக்கொள்ளும் வசதிகளைப் பற்றியும் அதில் பேசியிருக்கிறார்கள்.

கண்காணிப்புக்கும் சுலபமான வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கேட்டலினா தீவின் அவலான் துறைமுகத்துக்குள் வரும் படகுகளின் கழிவறையில் காவல் ஊழியர் ஒரு சாய மாத்திரையைப் போடுவார். கழிவு வெளியே வந்தால் படகைச் சுற்றித் தண்ணீர் நிறம் மாறிவிடும். எந்தப் படகு என்று வாதாட வேண்டியதே இல்லை. அது கடல் துறைமுகம்தான், ஆனால் ஆலப்புழாவின் புன்னமடை ஏரியிலும் மாத்திரை அதே வேலையைச் செய்யும்.

நீங்கள் அடுத்த முறை போகும்போது, ஏசி உண்டா, கரிமீன் உண்டா என்று கேட்பதோடு, டேங்கைக் கடைசியாக எப்போது எடுத்தார்கள், ரசீது இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏறிய பிறகு நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான் எதையும் கழிவறைக்குள் போடாதீர்கள். ஓஸை அடைப்பது பெரும்பாலும் அவைதான். அடைத்துக்கொண்டால் அந்த மூன்று மணி நேரத்துக்குள் அதைக் கையை விட்டு எடுப்பவர் அந்த ஸ்ராங்கோ சமையல்காரரோதான்.