மஸில்லோடரில் (குழல் வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கியில்) மான் வேட்டைக்கு என்ன குண்டு, எவ்வளவு வெடிமருந்து போடலாம்?

"கடைக்காரர் மூன்று பெல்லட் போடச் சொன்னார், மொத்தம் 150 கிரெய்ன் வருகிறது, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இருந்த வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து போடாதீர்கள். (பெல்லட் என்பது மருந்தை அழுத்திச் செய்த வில்லை. கிரெய்ன் என்பது மருந்துக்கும் குண்டுக்கும் சொல்லும் சிறு அளவு.) 50 காலிபர் (அரை அங்குலக் குழல்) இன்லைன் (பற்றவைக்கும் பிரைமர் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் நவீன மஸில்லோடர்), வெள்ளைவால் மான், 100 கஜத்துக்குள் தூரம் என்றால் 80 முதல் 100 கிரெய்ன் மருந்தும், 250 கிரெய்ன் சேபோ (பிளாஸ்டிக் உறை) குண்டும் தாராளம். துப்பாக்கியோடு வந்த கையேட்டில் அதைவிடக் குறைவான உச்ச அளவு போட்டிருந்தால் கையேடு சொல்வதுதான் கணக்கு.

நீங்கள் பென்சில்வேனியாவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, பெரிய கடையில் ஸ்கோப்போடு சேர்த்து செட்டாக வாங்கியிருக்கிறீர்கள், அக்டோபர் சீசனுக்குப் போகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் குழலைப் பாருங்கள். பெரும்பாலும் 1:28 என்று பொறித்திருக்கும். குழலின் உள்ளே சுற்றிச் செல்லும் முறுக்குக்கோட்டின் கணக்கு அது. குண்டு 28 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றும் என்று பொருள். இந்த வேகமான முறுக்கு சேபோவுக்கும் நீளமான குண்டுக்கும் ஏற்றது. துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 1:60, 1:66 மாதிரி மெதுவான முறுக்கு வேண்டும். 1:48 இரண்டுக்கும் நடுவில். குண்டைத் தேர்ந்தெடுப்பது உங்கள் குழல்தான். கடை அலமாரியில் எது பளபளக்கிறது என்பதை வைத்து வாங்காதீர்கள்.

இப்போது அந்த மூன்று பெல்லட் விஷயம். எங்களோடு போகோனோ மலைப் பக்கம் வேட்டைக்கு வரும் நண்பர் ஒருவர் பிடிவாதமாக 150 போடுவார். அவருக்கும் ஒரு கடையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு அக்டோபர் மாலை, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், அறுபது கஜம்கூட இருக்காது, ஒரு பெட்டை மானைச் சுட்டார். கிளம்பிய புகையில் மான் எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியவில்லை. அது நின்ற இடத்தில் சருகில் கொஞ்சம் முடி, அதில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தால் குடல் வாடை. நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டிருக்கிறது. வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது, துரத்தினால் கண்காணாத தூரம் போய்விடும். மணிக்கணக்கில் காத்திருந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு லாரல் புதருக்குள் குனிந்து குனிந்து தேடினோம். கிடைத்தது மறுநாள் காலையில்தான். அதற்குள் பின்தொடையை கொயோட்டி என்ற காட்டு நாய் தின்றிருந்தது. அந்த மான் எத்தனை நேரம் உயிரோடு கிடந்ததோ.

அடுத்த வாரம் அவரை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் திடலுக்கு, இழுத்துப் போனேன். மூன்று பெல்லட்டில் 100 கஜத்தில் அவருடைய குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. அதே துப்பாக்கி, அதே குண்டு, ஒரு பெல்லட்டை மட்டும் குறைத்தோம். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இலக்கை நோக்கி நடந்து போகும் வழியில் சேபோக்கள் விழுந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கிப் பாருங்கள், கேட்காமலே கதை சொல்லும். இரண்டு பெல்லட்டில் சுட்டவற்றில் நான்கு இதழும் ஒரே சீராக விரிந்திருந்தன. மூன்றில் சுட்டவற்றில் ஒன்றுக்கு ஓர் இதழைக் காணோம், இன்னொன்றின் அடிப்பாகம் இளகி நசுங்கியிருந்தது. அப்படிப் பிய்ந்த உறையிலிருந்து கிளம்பும் குண்டு எப்படி நேராகப் போகும்?

மருந்தைக் கூட்டக் கூட்ட வேகமும் அதே கணக்கில் கூடாது. குழலுக்கு நீளம் இவ்வளவுதான், அதற்குள் எரிந்து முடியாதது வாய்வழியே வெளியே கொட்டும். மிஞ்சுவது தோளில் வாங்கும் உதையும் காசுச் செலவும். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். "நான் 150 போட்டு 200 கஜத்தில் அடிக்கிறேன்" என்று கீழே எழுத ஒருவர் வருவார். அடிக்கட்டும், அவர் குழலும் தோளும் அவருக்குத் தெரியும். இந்தக் கேள்வியைக் கேட்டவர் முதல் சீசன்காரர்.

முடிந்தால் பெல்லட்டை விட்டுத் தூள் மருந்துக்கு வாருங்கள். 80-இல் ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்றி, எந்த அளவில் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றனவோ அங்கேயே நின்றுவிடலாம். கருமருந்தைத் தராசில் நிறுப்பதில்லை, அளவுக் குழாயில் அளப்பார்கள். ட்ரிபிள் செவன் என்ற மாற்று மருந்து அதே கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் வீரியம் கூடுதல் என்பதால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். பிளாக்ஹார்ன் 209 என்ற இன்னொரு மாற்று மருந்து சுத்தமாக எரியும், ஆனால் 209 பிரைமர் உள்ள இன்லைனுக்கு மட்டுந்தான், சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் பிளின்ட்லாக்கில் பற்றாது. ரைஃபிள் தோட்டாவுக்கான புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போட்டுவிடாதீர்கள். குழல் வெடித்து விரல் போகும்.

குண்டு மருந்தின் மேல் அழுந்த உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் குழல் புடைத்துப் போகலாம், வெடிக்கவும் செய்யலாம். சரியாகக் கெட்டித்த பிறகு, ராம்ராட் (குண்டைத் தள்ளிக் கெட்டிக்கும் கோல்) குழல் வாயைத் தாண்டும் இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். காட்டில் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடுதான் சாட்சி.

"ஊரில் தாத்தா நாட்டுத் துப்பாக்கியில் கைக்கணக்காகத்தான் மருந்து போடுவார்" என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். காட்டுப் பன்றியை விரட்ட, பால்ரஸைப் போட்டுப் பத்தடி இருபதடியில் சுட்டது அது. முறுக்குக்கோடு இல்லாத அந்தக் குழலின் கணக்கு இங்கே உதவாது.

மானைச் சுடுவது பாவம் என்று சொல்ல வருபவர்களுக்கு: இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம், அங்கே நான் கனவிலும் செய்ய மாட்டேன். இங்கே எத்தனை மான் சுடலாம் என்று மாநில வேட்டை ஆணையம் கணக்குப் போட்டு லைசென்ஸ் தருகிறது. காரில் மான் மோதும் விபத்து மிக அதிகமாக நடக்கும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. சுட்டதை நாங்கள் வீணாக்குவதுமில்லை.

வீணாக்குவது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மானை வெட்டிப் பொட்டலம் போட்டுத் தரும் கடையில் கொத்துக்கறி கேட்டால், மான் கறியில் கொழுப்பு போதாது என்று பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ சேர்ப்பார்கள். எங்களுக்கு ஒரு கடையில் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டுக் கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்தார்கள். என் மனைவி மாடு சாப்பிட மாட்டாள். பொட்டலத்தில் ஒரு எழுத்து கிடையாது, நான் போன் செய்து கேட்ட பிறகுதான் சொன்னார்கள். குளிரில் நின்று, சுமந்து கொண்டுவந்த கறி அத்தனையும் அக்கம்பக்கத்துக்குப் போனது. அன்றிலிருந்து வீட்டிலேயே வெட்டுகிறேன். நீங்களும் கடையில் கொடுப்பதாக இருந்தால் "எதுவும் சேர்க்காதே" என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் சீசனுக்கு உங்கள் இன்லைன் செல்லாது. 1974 முதல் அது பிளின்ட்லாக் சீசன். அதற்கு வேறு துப்பாக்கி வேண்டும், பெரும்பாலும் .490 அங்குல உருண்டைக் குண்டும் எண்ணெய் தடவிய துணியும்தான். அது 100 கஜம் போவதற்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும், அதனால் நான் 60 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை. சுட்ட துணியைத் தேடி எடுத்துப் பாருங்கள். எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிது, இல்லை மருந்து அதிகம்.

உங்கள் துப்பாக்கியின் மாடலையும் குழலில் உள்ள முறுக்கு எண்ணையும் கீழே எழுதுங்கள். எந்தக் குண்டுப் பெட்டியில் ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை மூன்றாவது பெல்லட் டப்பாவிலேயே இருக்கட்டும்.