மேடையை விடுங்கள் தம்பி, பேஸ்மெண்டைப் பாருங்கள்

தம்பி, களியக்காவிளையிலிருந்து பென்சில்வேனியா வந்து இறங்கியதும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வியே இது: வாடகை வீட்டின் கிரானைட் சமையல் மேடையிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வருமாமே, வீடு மாற வேண்டுமா? கூடவே லைசென்ஸ், ஜாக்கெட், மட்ட அரிசி. அரிசி மலையாளி கடையில் கிடைக்கும். மற்றதை ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மேடைக்காக வீடு மாற வேண்டாம். கிரானைட்டில் கொஞ்சம் யுரேனியம் உண்டு, அது சிதையும்போது ரேடானும் வரும். ஆனால் மேடையிலிருந்து வருவது பெரும்பாலும் மிகச் சொற்பம். 2008-ல் இதே பயம் கிளம்பியபோது நல்ல கல்லைப் பெயர்த்துவிட்டு செயற்கை குவார்ட்ஸ் பதித்த நம்மவர்களை எனக்குத் தெரியும். அந்த குவார்ட்ஸை அறுக்கிற தொழிலாளிகளின் நுரையீரலைச் சிலிக்கா தூசி கெடுக்கிறது என்று 2024-ல் ஆஸ்திரேலியா அதைத் தடையே செய்துவிட்டது.

ரேடான் பெரும்பாலும் வருவது வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணிலிருந்து. குளிர்காலத்தில் எல்லாவற்றையும் அடைத்து ஹீட்டர் போடுகிறோம். சூடான காற்று மேலே போகப் போக, தரை விரிசல் வழியாக மண்ணிலுள்ள வாயுவை வீடு உள்ளே இழுக்கும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த காரணம் இதுதான். உங்கள் மாநிலத்திலேயே 1984-ல் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற இன்ஜினியர் வேலைக்கு உள்ளே வரும்போதே கதிர்வீச்சு அலாரம் அடித்தது. நிலையம் அப்போது மின்சாரம் தயாரிக்கவே ஆரம்பிக்கவில்லை. அவர் வீட்டைச் சோதித்தால், ரேடான் லிட்டர் காற்றுக்குச் சுமார் 2,700 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). 4 வந்தாலே சரிசெய்யச் சொல்கிறது அரசு.

மணவாளக்குறிச்சி மணலில் விளையாடி வளர்ந்தவனுக்கு ரேடான் என்ன செய்யும் என்று ஊர்க்காரர்கள் பேசுவார்கள். நம்ப வேண்டாம். அந்த மணலிலுள்ள மோனசைட் என்ற தாதுவின் கதிரியக்கம் பெரும்பாலும் தோரியத்தால் வருவது. தோரியத்திலிருந்து வரும் தோரான் என்ற வாயு ஒரு நிமிஷத்துக்குள் பாதியாகிவிடும். ரேடான் பாதியாக ஏறக்குறைய நாலு நாள் ஆகும். அதுவும் அங்கே ஜன்னலை அடைத்துக்கொண்டா இருந்தோம்?

நான் வந்த புதிதில் ஒரு தமிழர் வீட்டு பேஸ்மெண்டில், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில்தான் குளிர்காலத்தைக் கழித்தேன். ரேடான் டெஸ்ட் எடுத்தீர்களா அண்ணாச்சி என்று கேட்டதற்கு, பயமாயிருந்தால் வேறு இடம் பார் என்றார். புதிதாக வருகிறவனிடம் காசில்லாததை வைத்துச் சம்பாதிக்கிற நம்மவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிற்பாடு சொந்த வீடு வாங்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அளவு 4-ஐத் தாண்டியிருந்தது. தளத்தைத் துளைத்துக் குழாய் இறக்கி, மண்ணின் காற்றைக் கூரைக்கு மேலே தள்ள விசிறி வைத்தோம். அளவு நன்றாக இறங்கியது. செலவை விற்றவரிடமே பேசி வாங்கினேன்.

நீங்கள் படுப்பது பேஸ்மெண்டிலா, மேலேயா, அதைச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் ரேடானை அளக்கும் கரி டெஸ்ட் கிட் கிடைக்கும். ஆட்கள் புழங்கும் கீழ்த்தளத்தில், கதவு ஜன்னலை அடைத்து, குறைந்தது 48 மணி நேரம் வைத்து லேபுக்கு அனுப்புங்கள். 4-க்கு மேல் வந்தால் வீட்டு ஓனருக்குப் போக வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.