வேர்சுவல்பொக்ஸில் எக்ஸ்பி போடும்போது ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது, டிரைவரை எப்படிக் கொடுப்பது?

யாழ்ப்பாணத்தில் அச்சகம், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு அடித்த கல்வெட்டை (நினைவு மலரை) வைத்து இப்போது அம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒன்று செய்து தரச்சொல்லி யாரோ வந்து நிற்கிறார்களாக்கும். ஆகவே "எக்ஸ்பியை ஏன் இன்னும் கட்டி அழுகிறீர்கள்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் வேறு கேள்விக்குப் போகலாம். களவு சிடி பற்றியும் இங்கே பேச்சில்லை, உங்களிடம் சொந்த சிடியும் கீயும் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சிடியில் பிழை இல்லை. எக்ஸ்பி வந்தது 2001இல். சாட்டா என்ற புதிய இணைப்பில் வரும் டிஸ்க்குகளோடு கணினி பேசப் பாவிக்கும் ஏஎச்சிஐ முறையின் முதல் வரையறை 2004இல்தான் வந்தது. 2008இல் வந்த சேவிஸ் பக் 3 என்ற திருத்தத் தொகுப்பிலும் அதற்கு டிரைவர், அதாவது சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், சேர்க்கவில்லை. நீங்கள் வேர்சுவல்பொக்ஸில் மெசினை, அதாவது கணினிக்குள் ஓடும் கணினியை, உருவாக்கும்போது வகையை விண்டோஸ் 10 என்று விட்டிருப்பீர்கள், அதனால் டிஸ்க் சாட்டாவில் போய்த் தொங்குகிறது. எக்ஸ்பியை நிறுவும் செற்றப்புக்கு அது கண்ணில் படாது. "ஹார்ட் டிஸ்க் இல்லை" என்று சொல்லும், அல்லது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரையில் நிற்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

டிரைவர் தேடி அலையாமல் இதை முடிக்கலாம். மெசினை நிறுத்துங்கள். செற்றிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய், சாட்டாவின் கீழ் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றுங்கள். கழற்றினால் கோப்பு அழியாது, பயப்பட வேண்டாம். சாட்டாவுக்கு முந்திய பழைய இணைப்பான ஐடிஈயின் கன்ட்ரோலர் ஒன்றைச் சேர்த்து வகையை பிஐஐஎக்ஸ்4 என்று வையுங்கள். அதே டிஸ்க் கோப்பையும் சிடியையும் அதன் கீழ் மாட்டுங்கள். இந்தக் கன்ட்ரோலருக்கு எக்ஸ்பி சிடியிலேயே டிரைவர் இருக்கிறது. ஐடிஈயில் நான்கு சாதனங்கள்தான் மாட்டலாம், கல்வெட்டுத் திறக்க அதுவே தாராளம்.

சாட்டாதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு எஃப்6 வழி: செற்றப் தொடங்கும்போது எஃப்6 விசையை அழுத்தி டிரைவரை நாமே கொடுப்பது. இதில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். எக்ஸ்பி செற்றப் அந்தக் கட்டத்தில் ஃபுளொப்பியை மட்டுமே கேட்கும். டிரைவரை ஐஎஸ்ஓ ஆக்கி சிடியாக மாட்டிவிட்டு எஃப்6ஐ எத்தனை தரம் குத்தினாலும் பிரயோசனமில்லை. ஃபுளொப்பி இமேஜ் சரியாக 1,474,560 பைட் இருக்க வேண்டும். விண்டோஸில் வின்இமேஜ் போதும், லினக்ஸில் எம்டூல்ஸ். வேர்சுவல்பொக்ஸ் காட்டுவது இன்டல் ஐசிஎச்8எம் சிப்பின் சாயல். அதனால் இன்டல் மேட்ரிக்ஸ் ஸ்டோரேஜ் மனேஜர் என்ற பெயரில் வந்த காலத்து 32 பிட் எஃப்6 ஃபுளொப்பிக் கோப்புகள் வேண்டும்: ஐஏஸ்டோர் என்ற டிரைவர், அதன் ஐஎன்எஃப் (.inf), கட் (.cat) கோப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக டெக்ஸ்ட்செற்றப் டொட் ஓஇஎம் (TXTSETUP.OEM). இந்தக் கடைசிக் கோப்பு ஒரு ஃபோல்டருக்குள் கிடந்தால் செற்றப் அதைத் தேடாது, ஃபுளொப்பியின் வெளிப்பக்கத்திலேயே கிடக்க வேண்டும். இரட்டைக் கிளிக்கில் ஓடும் இன்ஸ்டோலரைத் தூக்கி ஃபுளொப்பியில் போடுவதும் வீண்.

ஃபுளொப்பி கன்ட்ரோலரைச் சேர்த்து இமேஜை மாட்டுங்கள். உடனே சிஸ்டம் பக்கத்துக்குப் போய் பூட் வரிசையில் ஃபுளொப்பிக்கு இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அங்கே ஃபுளொப்பிதான் முதலில் இருக்கும். எடுக்காவிட்டால் "இது பூட் ஆகும் டிஸ்க் அல்ல" என்ற மாதிரி ஒரு வரி வந்து கறுப்புத் திரையில் நிற்கும். பலர் இங்கே சிடி பழுது என்று நினைத்துக் கைவிடுகிறார்கள்.

நீலத் திரை வந்ததும் அடியில் எஃப்6 பற்றி ஒரு வரி சில விநாடிதான் நிற்கும். மெசின் ஜன்னலுக்குள் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு விடாமல் தட்டுங்கள். சில லப்டொப்களில் எஃப்என் விசையும் சேர்த்து. தட்டியதற்கு உடனே ஒன்றும் நடக்காது, கோப்புகள் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகுதான் எஸ் (S) விசையை அழுத்தச் சொல்லும் திரை வரும். பட்டியலில் ஐசிஎச்8எம் அல்லது 82801எச்இஎம் என்றும் ஏஎச்சிஐ என்றும் சேர்ந்து இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். ரெயிட் என்று இருப்பதைத் தெரிவு செய்தால் திரும்பவும் டிஸ்க் இல்லை என்றே வரும். ஃபுளொப்பியை அதோடு கழற்றிவிடாதீர்கள். கோப்புகளைப் பிரதி செய்யும்போது செற்றப் இரண்டாம் தரமும் அதை வாசிக்கும்.

ஐடிஈயில் எக்ஸ்பி ஏறிய பிறகு மனம் மாறினால், பிரதான டிஸ்க்கை நேரே சாட்டாவுக்கு மாற்றாதீர்கள், அதே 7பிதான். முதலில் சாட்டாவில் சின்ன வெற்று டிஸ்க் ஒன்றை மாட்டி, உள்ளே போய் டிரைவரைப் போட்டு, பிறகு பெரியதை நகர்த்துங்கள்.

இங்கே மூன்று மாதக் கோர்ஸ் முடித்த பொடியளிடம் இதைக் கேட்டால் "ஃபோமட் அடிச்சுப் பாருங்கோ" என்பார்கள். தலையிடிக்கும் அது, வயிற்றுக்குத்துக்கும் அது. டிஸ்க்கே தெரியாத இடத்தில் எதை ஃபோமட் அடிப்பது?

எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்தது. ஆகவே மெசினின் நெற்வேர்க்கை நிறுத்திவிட்டு, கோப்புகளை ஐஎஸ்ஓ ஆக்கி சிடியாக உள்ளே கொண்டுபோங்கள். பேஜ்மேக்கரைத் திறக்க முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவையும் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் "அம்மா" என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். யூனிகோட் வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அச்சகங்கள் பாமினியை விடவில்லை. ஒரு கல்வெட்டில் ஒரு பெயரைத் தமிழில் தேடிப் பிடிக்க முடியாமல் இருப்பதற்கு அந்தப் பாமினிதான் காரணம், எக்ஸ்பி அல்ல.