அக்கா நகரில் தைத்த அம்பை கெய்ரோவில் எடுக்கலாமா?

கேள்வி: 1291இல் நடக்கும் சரித்திர நாவல் எழுதுகிறேன். சிலுவைப்போர்க்காரர்கள் வசமிருந்த அக்கா (Acre) நகர முற்றுகையில், எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் வீரன் ஒருவனுக்குத் தொடையில் அம்பு தைக்கிறது. கெய்ரோவின் பெரிய மருத்துவமனையில் இப்னு சீனா அதை எடுக்கிறார். பொருந்துமா?

பதில்: இப்னு சீனா 1037இலேயே இறந்துவிட்டார். அவருடைய 'கானூன்' மருத்துவ நூலை உங்கள் வைத்தியர் படித்தவராகக் காட்டுங்கள், போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தூரம். அக்காவிலிருந்து கெய்ரோ சுமார் 500 கி.மீ. ஒட்டகத்தில் நாளுக்கு 35 கி.மீ. போனாலும் இரண்டு வாரம் ஆகிவிடும். எனவே அம்பை எடுப்பது பாசறைக் கூடாரத்தில்தான். எடுப்பவரும் நாடி பார்க்கும் தபீப் அல்ல, கத்தி பிடிக்கும் ஜர்ராஹ். இந்த இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.

அந்தக் காட்சிக்குத் தேவையான விவரமெல்லாம் ஸ்பெயினின் கோர்டோபாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அஸ்-ஸஹ்ராவி எழுதிய 'தஸ்ரீஃப்' மருத்துவ நூலின் 30ஆம் பகுதியில் இருக்கிறது. கருவிகளின் படங்களும் உண்டு. 1973இல் ஸ்பிங்க், லூயிஸ் இருவரும் அரபு மூலத்தோடு ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். தேடிப் பிடித்துப் படியுங்கள். அதன்படி, அம்பு முனையில் பின்முள் இருந்தால் வந்த வழியே இழுக்கக் கூடாது, சதையைக் கிழித்துக்கொண்டு வரும். மறுபக்கம் தள்ளி எடுக்க வேண்டும். எலும்பில் ஏறியிருந்தால் இடுக்கியால் மெல்ல ஆட்டிப் பார்ப்பார். அசையாவிட்டால் சில நாள் விட்டுவிடுவார். சுற்றியுள்ள சதை அழுகித் தளர்ந்ததும் மறுபடி முயல்வார். நாவலாசிரியருக்கு இந்தக் காத்திருப்பு நாட்கள் பொன் மாதிரி, இரண்டே வரியில் கடந்துவிடாதீர்கள்.

ரத்தம் பீறிட்டால் முதலில் விரலால் அழுத்திக்கொள்வார். அதற்குள் பல அளவுச் சூட்டுக்கோல்கள் நெருப்பில் பழுக்க வேண்டும். ஒன்று ஆறிவிட்டால் அடுத்தது கைக்கு வர வேண்டுமே! சூடு போட்ட இடத்துப் பொருக்கு கோலோடு ஒட்டிப் பிய்ந்தால் ரத்தம் மறுபடி பாயும். பக்கத்து நரம்பு கருகிவிடாமலும் பார்க்க வேண்டும். சூடு வேண்டாமென்றால் ரத்தக்குழாயை நூலால் இறுகக் கட்டலாம். அபினியை அறிந்திருந்தார்கள், ஆனால் வீரனை இன்றைய மயக்க மருந்துபோல் வலி தெரியாமல் தூங்க வைத்துவிடாதீர்கள். நான்கு பேர் பிடித்துக்கொள்ளட்டும்.

கெய்ரோ மருத்துவமனையை விட மனமில்லையென்றால், புண் சீழ்பிடித்துக் காய்ச்சலோடு அவன் அங்கே வந்து சேரட்டும். சுல்தான் கலாவூன் 1284-85இல் கட்டிய மாரிஸ்தான் (மருத்துவமனை) அது. ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் இலவசம்; செலவு வக்ஃப் (அறக்கொடை) சொத்து வருமானத்திலிருந்து வரும். காய்ச்சல்காரர்களுக்குத் தனிக்கூடம் உண்டு. இப்போது தபீப் வரலாம்: நாடி பிடிப்பார், கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய சிகஞ்சபீன் கொடுப்பார். 1288இல் இறந்த மருத்துவர் இப்னுன் நஃபீஸ் தம் வீட்டையும் நூல்களையும் இந்த மருத்துவமனைக்கே எழுதி வைத்தார். ஆகவே தபீப் அவருடைய மாணவராக இருக்கலாம்.

சாப்பாட்டில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றையும் எடுத்துவிடுங்கள். காபியும் கூடாது. இவையெல்லாம் அங்கே வந்தது பிற்காலத்தில்தான்.